ஆஸ்பத்திரியில் நடக்கிற கால்

ஆஸ்பத்திரியில் நடக்கிற கால் வீட்டில் நடக்கவில்லை. சுந்தரவல்லிக்கு இது விளங்கவே இல்லை.

காலையில் அங்கே நீளக் கூடத்தில் பத்துத் தடவை போய்த் திரும்பிய அவள் புருஷன், மத்தியானம் மந்தைவெளி வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நிலைப்படியைத் தாண்டினார். நாலாவது எட்டில் மல்லாந்து விழுந்தார். குப்புற விழுந்திருந்தாலாவது தடுக்கிவிட்டது என்று சொல்லலாம். எதிரில் யாரோ நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல, பின்பக்கமாகச் சாய்ந்தார். அந்த ஆடி மாதத்தில் அது ஐந்தாவது முறை. இந்தத் தடவை கட்டைக்காலைத் தொடையோடு இழுத்துக் கட்டும் தோல்வாரும் அறுந்துபோயிற்று.

"அடி பட்டிருச்சா?" என்று ஓடினாள்.

"தள்ளிப் போ, ஏட்டி" என்றார் சண்முகவேல். தரையில் உட்கார்ந்தபடியே அறுந்த வாரைக் கையில் எடுத்து, யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. அங்கே பட்டுப் பிரிவில் பதினாறு வருஷமாகப் புடவை விரித்துக் காட்டியவர் சண்முகவேல். எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், கடைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தார். பின்சக்கரம் ஏறிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறி வீட்டுக்கு அனுப்பியதோடு வைத்தியம் முடிந்தது என்றுதான் சுந்தரவல்லி நினைத்திருந்தாள். முடியவில்லை, தினமும் காலையில் வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் புதிதாக ஒரு பிரிவு ஆரம்பித்திருந்தார்கள். பலகையில் 'புனர்வாழ்வு' என்று முடிகிற ஒரு நீளப் பெயர். தேகப்பயிற்சி செய்கிற இடம் என்பதால் ஆயாக்கள் அதைக் கசரத்து ரூம் என்றார்கள். அங்கே ஊசி இல்லை, மருந்து இல்லை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க இரும்புக் கம்பி, சுவரில் ஆளுயரக் கண்ணாடி, எங்கேயும் போய்ச் சேராத ஒரு மரப்படிக்கட்டு. நாலு படி ஏறி நாலு படி இறங்கினால் தொடங்கிய இடத்திலேயே நிற்கலாம். அதில் பெரிய பெரிய மனுஷர்கள் வேர்க்க வேர்க்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ஸ்ரீரங்கன் மயிலாப்பூர்க்காரர். நாடி பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை படி, குளிக்கிற இடம் எந்தப் பக்கம், கடையில் எத்தனை நேரம் நிற்பார் என்றெல்லாம் கேட்டார். கடைசியில் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க அவருக்கு என்னெல்லாம் பண்றேள்?"

"எல்லாம் நாந்தான் செய்யுதேன்" என்றாள் பெருமையாக.

"அதுல பாதிய நிறுத்திடுங்கோ."

வைத்தியத்துக்கு வந்த இடத்தில் தனக்குப் பத்தியம் சொல்கிறாரே என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்தினாள். அவரே ஒற்றைக் காலில் தத்திப் போய்த் தண்ணீர் மொண்டு குடிக்க அரைமணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

அய்யாதுரை அண்ணாச்சி ஒரு முறை வந்து பார்த்தார். "ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள வந்துரும் வே. அது வரைக்கும் உம்ம எடத்துல யாரையும் உக்கார வைக்க மாட்டேன். நடந்து வரணும், எந்திரிச்சு அலமாரியில எடுக்கணும். அது முடியலன்னா நான் என்ன செய்ய? முகூர்த்த நேரத்துல ஒரு ஆள் கொறஞ்சா கட முடங்கிரும்லா" என்றார். அண்ணாச்சி மனசில் கள்ளம் இல்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அவளுக்கும் தெரியும், சண்முகவேலுக்கும் தெரியும்.

கால் வந்தது ஆனி மாதத்தில். மரமும் தோலும் சேர்த்துச் செய்தது. அடியில் ரப்பர் பாதம். அதற்கென்று பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி ஷூ. அன்றைக்கு அவர் கம்பியை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்ததைப் பார்த்து சுந்தரவல்லி அழுதாள். அந்தக் கால்தான் வீட்டுக்கு வந்தால் சண்டித்தனம் செய்கிறது.

அவளும் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். சிமெண்ட் தரை வழவழப்பாக இருக்கிறதோ என்று கோணிச்சாக்கை விரித்தாள், சாக்கோடு விழுந்தார். பெஞ்சை நகர்த்தினாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவே இல்லை, பக்கத்துப் போர்ஷன்காரி 'பாத்தியா, கண்ணுதான்' என்றாள். ஒருவேளை தான் எதிரில் நிற்பதுதான் ஆகவில்லையோ என்று அவர் உள்ளே வரும்போது கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள். 'தொப்' என்று சத்தம் கேட்டது.

ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளைப் புடவை மேல் கோட்டுப் போட்ட அஸ்மத்துன்னிசா பக்கத்தில் நடக்க, அவர் கை வீசி நடந்துகொண்டிருந்தார். நோயாளிகளை நடக்கப் பழக்குவதுதான் அந்தப் பெண்ணுக்கு உத்தியோகம். "கண்ணாடியப் பாக்காதீங்க அண்ணே, முன்னால பாருங்க. மாப்ள அழகு அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். "மாப்ளைக்கு ஒரு கால் மாமனார் வீட்டுச் சீதனம்மா" என்றார் அவர். கூடமே சிரித்தது. வீட்டில் அவர் சிரித்து ஆறு மாதம் ஆகிறது. சுந்தரவல்லிக்குத் தான் வேறு யாருடைய புருஷனையோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

அஸ்மத்துன்னிசா அவளைக் கண்டுவிட்டு வெளியே வந்தாள். "நீங்களே பாத்தீங்க இல்ல? இங்க எவ்ளோ ஜோரா நடக்கறாரு. வீட்ல இன்னாதாம்மா பண்றீங்க அவர?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"ஒண்ணும் பண்ணாமயா விழறாரு?" கேட்டவள் குரலில் குத்தல் இல்லை. அவளுக்கும் புரியாமல்தான் கேட்டாள்.

அவள் டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் காகிதங்களைப் புரட்டினார். "கால் அளவு சரியா இருக்கு. தசையில பலம் இருக்கு. புண் இல்ல. இங்க நடக்கறார், ஆத்துல விழறார்னா..." பேனா முனையால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "சில பேருக்கு ஆத்துக்குப் போனா மறுபடியும் நோயாளி ஆயிடணும்னு தோணிடும். தெரிஞ்சு பண்றதில்ல. நீங்க ரொம்பத் தாங்கறேளோ?"

பாதியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். மீதிப் பாதியையும் நிறுத்தினால் அப்புறம் அவள் எதற்கு அந்த வீட்டில்? டாக்டர் எதையோ எழுதினார். இங்கிலீஷ். அவளுக்கு அது படிக்க வராது. அவள் வாசித்ததெல்லாம் தமிழ்தான்.

பஸ்ஸில் வரும்போது அந்த நெற்றித் தட்டல் அவள் மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் விழுந்ததுதான் அந்த ஐந்தாவது முறை. வார் அறுந்தது. கட்டைக்காலை ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தியின் மகனிடம் கொடுத்து ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் கேட்டே விட்டாள்.

"வேணும்னேதான் விழுதியளா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்ன?"

"டாக்டரு சொல்லுதாவ. வீட்டுக்கு வந்தா ஒங்களுக்கு நடக்க மனசில்லையாம்."

"வேணும்னு விழுறவன் குப்புறல்லாட்டி விழுவான், கைய ஊணிக்கிட? மல்லாக்க விழுந்தா பொடதி பொளந்துரும். அது கூடவா எனக்குத் தெரியாது? ஒரு மாசமா மண்டைய ஒடச்சுக்கிட்டா ஒனக்கு நடிச்சுக் காட்டுதேன்?"

பிறகு அவரே குரல் தணிந்து சொன்னார். "உள்ள வந்தா தரை மேட்டுக்குப் போறாப்ல இருக்கு, வள்ளி. மலை ஏறுதாப்ல. நான் ஏறப் போனா அது என்னயக் கீழ தள்ளுது."

அவள் தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைத்த தரை. இருந்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நிலைப்படி ஓரம் ஊற்றினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாசலிலிருந்து அடுப்படிப் பக்கமாக உள்ளேதான் ஓடிற்று.

"பாத்தியளா, உள்பக்கம்தான் பள்ளம். நீங்க பள்ளத்துலல்லா எறங்குதிய."

"அப்பம் ஏன் மேடாத் தெரியுது?"

"எனக்கென்ன தெரியும்?"

அவள் துணியை எடுத்துத் தண்ணீரைத் துடைத்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஹேண்டில்பாரில் நியூஸ்பேப்பர் சுற்றிய கால். ஆஸ்பத்திரிப் பட்டறையில் கால் செய்கிற மெஹபூப் அலி. ராயப்பேட்டைக்காரர். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார்.

"இன்னா நைனா, ஒடச்சிட்டியே! எத்தினி நாளு குந்திகினு பண்ணேன் தெரியுமா? தங்கச்சி வஜீஹா வூடு இந்தாண்டதான் கீது. போற வயில குட்துட்டுப் போலாம்னு வந்தேன். மாட்டு, பாக்கலாம்."

சண்முகவேல் வெளி முற்றத்தில் உட்கார்ந்து காலை மாட்டி, ஷூவுக்குக் கயிறு கட்டி எழுந்தார். குழாயடியிலிருந்து கேட் வரைக்கும் போனார், வந்தார். பக்கத்துப் போர்ஷன்காரி கூட எட்டிப் பார்த்தாள்.

"சோக்கா நடக்கறியே நைனா! இதுல இன்னா கோளாறு கீது? சும்மா என் மேல பயிய போட்டுக்கினு..."

"உள்ள வாங்க பாய், காப்பி சாப்பிட்டுப் போலாம்" என்றாள் சுந்தரவல்லி.

மெஹபூப் அலி செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அவள் காப்பி கொண்டுவந்து நீட்டும்போது, பின்னால் சண்முகவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூ இரண்டையும் கழற்றினார், நிலைப்படி தாண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. சாய்ந்தார். மெஹபூப் அலி டம்ளருக்கு நீட்டிய கையைத் திருப்பி அவரை மார்போடு பிடித்துக்கொண்டார்.

மெஹபூப் அலி பாதத்தைப் பார்த்தார். வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தார். மறுபடியும் பாதத்தைப் பார்த்தார். சண்முகவேலைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்தார். நியூஸ்பேப்பரை மடித்து மடித்து இரண்டு விரல் கனத்துக்கு ஆக்கினார். ரப்பர் பாதத்தின் குதிகாலுக்கு அடியில் செருகினார். இன்னொன்று மடித்து நல்ல காலின் குதிகாலுக்கு அடியில் வைத்தார்.

"இப்ப சொவத்த வுடு. எப்டி கீது?"

சண்முகவேல் நிமிர்ந்து நின்றார். அவர் முகம் மாறிற்று. "தரை சமமா இருக்கு" என்றார்.

"அட அல்லா! செருப்ப கயட்டிட்டா நைனா நடந்துக்கினு இருந்த இத்தினி நாளும்? இந்தக் காலு ஷூவோட வெச்சு நிமித்துனது. ஷூல குதிகால் ரெண்டு வெரக்கட ஒசரம் கீது. அத்த எட்துட்டா காலு மொத்தமும் பின்னால சாஞ்சிடும். உன்னியும் சேத்து சாய்ச்சிடும். ஏன் யாருமே சொல்லல?"

"வீட்டுக்குள்ள ஷூவோட யாரு பாய் நடப்பாவ? இத ஒரு விசயம்னு போயா சொல்லுவோம்?" என்றாள் சுந்தரவல்லி.

மெஹபூப் அலி தன் வெறும் பாதங்களைக் குனிந்து பார்த்தார். "நானும்தான் கயட்டிட்டு வந்தேன். ஆறு வருசமா கால் பண்றேன். வெள்ளிக்கெயம மசூதி வாசல்ல கயட்டறேன். ஒரு நாளு தோணலயேம்மா" என்றார். காப்பி ஆறிப்போயிற்று. அவர் அப்படியே குடித்தார்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"புஸ்தகத்துல இருக்கற படமெல்லாம் ஷூவோடதான் இருக்கும்" என்றார் கடைசியில். "கார்த்தால எழுந்து பூட்டிண்டா ராத்திரி படுக்கறச்சேதான் கழட்டுவா, அந்த வெள்ளைக்காரா ஊர்ல." தான் முன்பு எழுதியிருந்த ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார். "குதிகால் ஒசரம் இல்லாத பாதம் வெளியூர்லேருந்து வரவழைக்கணும். மூணு மாசமாவது ஆகும். அது வரைக்கும் ஆத்துக்குள்ளயும் ஷூ போட்டுண்டே நடக்கட்டும்."

"சாமி படம் இருக்குங்க. ஒரே ரூம்பு."

"எங்காத்துலயும்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

அன்று சுந்தரவல்லி ஷூவின் அடிப்பாகத்தை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தாள். மனசு ஆறவில்லை. பாண்டி பஜாருக்குப் போய் அதே உயரத்தில் இன்னொரு ஜோடி வாங்கிவந்தாள். தெரு மண்ணையே மிதிக்காத ஷூ. அதைப் போட்டுக்கொண்டு அவர் உள்ளே நடந்தார். விழவில்லை. அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பினார். 'டக் டக்' என்று யாரோ அதிகாரி சோதனைக்கு வந்தது போலச் சத்தம் கேட்டது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் படத்துப் பக்கம் திரும்பாமல் அரிசி களைந்தாள்.

ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் இருவரும் பஸ் ஏறினார்கள். புது ஷூ துணிப்பையில். பனகல் பார்க் நிறுத்தத்திலிருந்து அவர் யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார். கடை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே முழுக்க வெள்ளை விரித்த மெத்தை. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அதிலேதான் உட்காருவார்கள். சண்முகவேல் படியில் உட்கார்ந்து தெரு ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

அய்யாதுரை அண்ணாச்சி எழுந்து வந்தார். சுந்தரவல்லி பையிலிருந்து எடுத்து நீட்டிய ஷூவைப் பார்த்தார்.

"இது என்ன வே?"

"புதுசு அண்ணாச்சி. ரோட்டுல வைக்கவே இல்ல" என்றாள் சுந்தரவல்லி முந்திக்கொண்டு. "அது இல்லாம நின்னா சாஞ்சுருவாவ. டாக்டரே சொல்லிருக்காவ."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. இவரையே கேளு. பதினாறு வருசமா எத்தன பேர 'அம்மா, வெளிய விட்டுட்டு வாங்க'ன்னு சொல்லிருப்பாரு? கலெக்டர் சம்சாரத்தையே திருப்பி அனுப்புனவருல்லா. இன்னைக்கு அவரே மிதிச்சு ஏறுனா, நான் யாருகிட்ட என்ன சொல்ல?"

சண்முகவேல் புது ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அடையாறிலிருந்து வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி. அவர் இடத்துக்குப் பக்கத்தில் கடைப்பையன் வைரவன் புடவை மேல் புடவையாகப் போட்டுக்கொண்டிருந்தான். "இது இல்லப்பா, அரக்குதான், ஆனா இவ்வளவு அடர்த்தியா வேண்டாம்" என்று ஒரு அம்மாள் சலித்துக்கொண்டாள். கூட வந்த பெண் எழுந்திருக்கப் பார்த்தாள்.

சுந்தரவல்லி, "போட்டுட்டு ஏறுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர் புது ஷூவைப் போடவில்லை. நல்ல காலின் ஷூவைக் கழற்றி வைத்தார். வேட்டியைத் தொடைவரை சுருட்டி, தோல்வாரை அவிழ்த்தார். தெரு ஷூவோடு காலை அப்படியே உருவினார். செருப்பு வரிசையின் கடைசியில், சுவரோரம் அதைச் சாய்த்து நிறுத்தினார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே மெத்தை மேல் நகர்ந்து போய்த் தன் இடத்தில் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வைரவா, மேலருந்து மூணாவது தட்டு, எடப்பக்கத்துலருந்து ஆறாவது. எடு."

"அண்ணே! நீங்க எப்ப..."

"எடுல, அம்மா காத்திருக்காவ."

வைரவன் எடுத்துக் கொடுத்தான். சண்முகவேல் வாங்கி, ஒரு வீச்சில் விரித்தார். எழுந்திருக்கப் பார்த்த பெண் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி வாசலில் தனியாக நின்ற காலைப் பார்த்தார். சுந்தரவல்லியைப் பார்த்தார். "ஏம்மா, இதுக்கா மாசக்கணக்கா நடக்கச் சொல்லிக் குடுத்தாவ?"

"தெரியலியே அண்ணாச்சி" என்றாள் அவள். நிஜமாகவே தெரியவில்லை. அவர் ஜெயித்துவிட்டாரா, தோற்றுப்போனாரா? இத்தனை நாள் விழுந்து எழுந்தது வீணா? நடந்து வந்ததும் இந்தக் காலால்தானே? மூன்று மாதத்தில் வரவேண்டிய பாதம் அடுத்த சித்திரையில்தான் வந்தது. வீட்டில் அதை மாட்டி வெறுங்காலோடு நன்றாகவே நடந்தார். கடையில் மட்டும், அதற்கப்புறமும் பதினோரு வருஷம், கழற்றி வைத்துவிட்டே ஏறினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். இப்போது கேட்க அவர் இல்லை.

அன்று அவள் படியோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போது அந்தக் காலைக் கண்டு ஒரு கணம் நின்று, பிறகு கொஞ்சம் தள்ளிக் கழற்றினார்கள். ஒரு குழந்தை ஷூ முனையைத் தொட்டுப் பார்த்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோஷ்டி ஏழு புடவைகளோடு இறங்கிப் போயிற்று.

அண்ணாச்சி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரும் வே. வாசல்ல ஒரு ஸ்டூல் போடச் சொல்லுதேன், உக்காந்து கழட்ட."

"சரி அண்ணாச்சி."

சண்முகவேல் மெத்தை ஓரத்துக்கு நகர்ந்து வந்தார். சுந்தரவல்லி காலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மாட்டி, வாரை இழுத்துக் கொண்டே, "இதுக்கு யாரும் வெல கேட்டாவளாட்டி?" என்றார்.

"ஒரு அம்மா கேட்டா" என்றாள். "விக்கிறதுக்கு இல்லன்னுட்டேன்."